ஆற்றங்கரையில் உலை வைத்த ராத்திரிகள்

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் ஊர்க் கண் முழுக்க மேற்கே போய்விடும். பலசரக்குக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே மலையைப் பார்ப்பார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். முகடு பளிச்சென்று தெரிந்தால் குற்றாலத்தில் தண்ணீர் சுமார்தான். பகல் முழுக்க மேகம் மூடிக் கிடந்தால் மறுநாள் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழும். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத்தான் ஆர்ச் என்போம். "மலை மூடிட்டு. சாத்தூருக்கு ஒரு கார்டு போட்டுரு தாயி" என்று ஆச்சி என் அம்மாவிடம் சொல்லுவாள். அந்தத் தபால் கார்டில் நலம் விசாரிப்பு ஒரு வரிதான். தண்ணீர் எப்படி, கூட்டம் எப்படி, எந்தக் கிழமை வந்தால் தோது என்பதே மீதி முழுக்க இருக்கும்.

செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து வழிவிடுகிறது. 1904-இல் கொல்லத்துக்கு மீட்டர்கேஜ் ரயில் விட்டதும் அந்தத் தாழ்வின் வழியாகத்தான். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் காற்றும் ஈரமும் அதே வழியாக இந்தப் பக்கம் இறங்கிவிடும். உச்சியில் மழை, அடிவாரத்தில் பூந்தூறல், நடுநடுவே இளவெயில். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். கிழக்கே ஆலங்குளம் தாண்டிவிட்டால் அதே நாளில் வெக்கை. கரிசல் காட்டுச் சனங்களுக்கு இந்த ஈரத்தின் மேல் அவ்வளவு ஆசை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாத்தூர்ச் சித்தி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். அவளுடைய தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், தெருச் சனம் எல்லாம் காசு சேர்த்து ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். லாரியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய். ஒரு மூலையில் அண்டா, குத்துப்போணி, அரிசிச் சாக்கு, அம்மிக்குழவி முதற்கொண்டு. விடுதியில் அறை எடுக்க அவர்களிடம் காசு கிடையாது. இருந்தாலும் சீசனில் அறை கிடைக்காது. அவர்கள் வந்தால் எங்கள் வீடும் அவர்களோடு கிளம்பிவிடும். வீட்டிலிருந்து குற்றாலம் ஒரு மணி நேர நடைதான். "இத்தனை கிட்டத்துல வீட்டை வச்சுக்கிட்டு அங்க போயி எதுக்கு ராத்தங்கணும்?" என்று தாத்தா ஒவ்வொரு ஆனியிலும் கேட்பார். ஆச்சி விடமாட்டாள். "அருவிக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்தா அது வெறும் குளிப்பு. அங்கனயே கெடந்தாத்தான் சாரல்."

ஐந்தருவிக்குப் போகும் பாதையில் ஓடைக்கரையை ஒட்டிய புறம்போக்கில்தான் எங்கள் தங்கல். அக்கம்பக்கத்தில் விருதுநகர்க்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள், பெயர் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்திருப்பார்கள். யாருக்கும் சீட்டு இல்லை, வாடகை இல்லை. இடம் பிடிப்பதை மட்டும் பெரிய மாமாவிடம் விட்டுவிடுவோம். அவர் வாலிபத்தில் மலைக்காட்டுக் கூப்பில் மரம் வெட்டும் வேலைக்குப் போனவர். லாரி நின்றதும் சாமானை இறக்கவிடமாட்டார். முதலில் கரையோர மரங்களின் அடித்தண்டைத் தடவிப் பார்ப்பார். போன வெள்ளத்தில் அடித்துவந்த சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கிக் காய்ந்திருக்கிறதோ, அதற்கு மேலே உள்ள தரையில்தான் தார்ப்பாய் கட்டவேண்டும். ஓடை நடுவே வெள்ளை மணல் திட்டு மெத்தை விரித்த மாதிரி கிடக்கும். பிள்ளைகள் அங்கேதான் ஓடுவோம். "அது ஆத்தோட படுக்கை. நமக்கில்ல" என்று திருப்பி இழுத்து வருவார்.

நாலு மரத்துக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி விடுவார்கள். தூறல் தண்ணீர் உள்ளே ஓடிவராமலிருக்கச் சுற்றிலும் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். அடுப்புக்கு மூன்று கல். சாரல் காலத்தில் காட்டுச் சுள்ளி ஒன்றும் பற்றாது, புகைதான் வரும். அதனால் விறகும் சிரட்டையும் பனமட்டையும் வீட்டிலிருந்தே சாக்கில் கட்டி வந்துவிடும். குரங்குக் காவலுக்கு ஒரு பிள்ளையை அரிசிச் சாக்கின் மேலேயே உட்காரவைப்பார்கள். அட்டை கடிக்காமலிருக்கக் கணுக்காலில் புகையிலைத் தண்ணீரும் சுண்ணாம்பும் தடவிவிடுவாள் ஆச்சி.

ஆண்கள் சமைத்த சாப்பாட்டை நான் முதன்முதலில் சாப்பிட்டது அந்தக் கரையில்தான். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மாமாக்கள், அங்கே போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டாஞ்சோறு கிண்டினார்கள். அரிசியும் துவரம்பருப்பும் பாதி வெந்ததும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கை நிறைய முருங்கைக்கீரை. தேங்காயும் சீரகமும் மிளகாய் வத்தலும் அம்மியில் அரைத்துச் சேர்த்து, புளியைக் கரைத்து ஊற்றி, கடைசியில் வெங்காய வடகத்தைத் தாளித்துக் கொட்டுவார்கள். பக்கத்து அடுப்புக்காரர்களுக்கு ஒரு சட்டி போகும். அங்கிருந்து கருவாட்டுக் குழம்பு வரும். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டபிறகு சட்டியை வாங்குகிற வழக்கம் ஊருக்குள் இருந்தது. அந்தக் கரையில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்கமாட்டேன்.

கூட்டம் குறைந்த பின்னிரவில் பெண்கள் எல்லாரும் ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்புவோம். ஐந்து கிளையில் பெண்களுக்கென்று ஒதுக்கியது தனியாக உண்டு. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஒருத்தி முன்னால் போவாள். சித்தி அருவிக்குள் நுழைந்தால் வெளியே வரமாட்டாள். குச்சியும் மருந்துமாகக் கறுத்துப்போன விரல்களை விரித்து, தண்ணீருக்கு நேரே ஏந்திக்கொண்டே நிற்பாள். "போதும் வாட்டீ, சளி பிடிக்கும்" என்று ஆச்சி கத்துவது அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. சித்தி திரும்பி வந்து, தலையைத் துவட்டாமல் அடுப்புச் சூட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் சிரிப்பாள். பின்னாட்களில் எத்தனையோ நீச்சல் குளங்களையும் கடற்கரைகளையும் பார்த்துவிட்டேன். தண்ணீர் ஓர் உடம்பை அவ்வளவு சந்தோஷப்படுத்தி நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ராத்திரிகளில் ஆச்சி படுத்திருந்த விதத்தைப் பற்றி எழுதவேண்டும். வீட்டில் அவள் படுப்பது அடுப்படியை ஒட்டிய உள்ளறையில். சன்னல் கிடையாது. திண்ணையில் ஆண்கள் படுப்பார்கள்; மொட்டை மாடியில் பையன்கள். பதினைந்து வயதில் கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த உள்ளறைதான். ஓடைக்கரையில் அவள் தார்ப்பாய்க்குக் கீழேகூடப் படுக்கமாட்டாள். தூறல் நின்றதும் பாயை வெளியே இழுத்துப் போட்டு, காலை நன்றாக நீட்டி, ஈரத்தலையைத் தரையில் விரித்துவிட்டு மல்லாந்து கிடப்பாள். மேகம் விலகும் இடத்தில் தெரியும் வெள்ளிகளைக் காட்டி எங்களுக்குப் பேர் சொல்லுவாள். மதினியும் சித்தியும் அம்மாவும் அவளைச் சுற்றிப் படுத்துக்கொண்டு விடியவிடியப் பேசுவார்கள். வீட்டில் பேசாத பேச்சு. மாமியார் மருமகள் என்ற முறையெல்லாம் அந்தப் பாயில் கொஞ்சம் தளர்ந்துவிடும். ஆற்றங்கரைத் தங்கலை விடுமுறைக் கொண்டாட்டம் என்று சிலர் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வானத்துக்குக் கீழே படுக்கக் கிடைத்த ராத்திரிகள் அவை மட்டும்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. கழிவறை கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அப்படியும் முடியாமல் போனால் இரண்டு பேரைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு இருட்டுக்குள் புதருக்குப் போகவேண்டும். பாம்புக்கும் பயம், ஆளுக்கும் பயம். எல்லாரும் விடிவதற்கு முன் எழுந்துகொள்வோம். அருவி கொட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே தாகத்தோடு படுத்திருந்த பெண்கள் அவர்கள்.

ஓடையின் குணத்தை மாமா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கீழே வெயில் அடிக்கலாம். மேலே மலையில் மழை பெய்தால் தண்ணீர் வந்து சேர அதிக நேரம் ஆகாது. தெளிந்த தண்ணீர் கலங்கி நிறம் மாறினால், சருகும் பச்சை இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால் யாரையும் கேட்காமல் கரையேறிவிட வேண்டும். செருப்பை எடுக்க, துணியை எடுக்க என்று ஒருவரும் திரும்பிப் போகக்கூடாது. ஒருநாள் மத்தியானம் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா, காலடியில் மண்வாடை அடிக்கிறதென்று சொல்லி எங்கள் எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி, அந்த வெள்ளை மணல் திட்டை மூடிக்கொண்டு போயிற்று. அம்மா அலசிவைத்த துணி வாளியோடு போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமா மட்டும் அம்மாவுக்குப் பிரியமாக ஒரு மங்குஸ்தான் பழத்தை உடைத்து நீட்டினார்.

குற்றாலத்துச் சாரல் முடிவதற்குள் ஆடி அமாவாசை வந்துவிடும். அப்போது போகும் இடம் வேறு: காரையாறு. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம். சோதனைச் சாவடி தாண்டி மலைமேல் ஏறினால், முண்டந்துறைக் காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். கூடாரம் அடித்துத் தங்குவது வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் ஓர் ஆடி அமாவாசைக்கு அங்கே போய்ப் பார்க்கவேண்டும். ஆற்றின் இரு கரையிலும், மருத மரங்களுக்குக் கீழேயும் பாறை இடுக்கிலும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குடில்கள். எங்கள் சிறுவயதில் மூங்கிலும் தென்னங்கீற்றும். பிறகு தார்ப்பாய், பிளாஸ்டிக் விரிப்பு. பத்து நாள், அதற்கு மேலும் தங்கிய குடும்பங்கள் உண்டு. அவரவர் குடிலுக்கு அவரவர் ஊரின் பேர்தான் விலாசம். "கீழப்பாவூர்க்காரவ குடிலு எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

அந்தக் கோயிலில் சங்கிலி பூதத்தார் சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் சங்கிலியால் தங்களையே அடித்துக்கொள்வார்கள்; பூக்குழி இறங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து அமர்ந்திருப்பதைப் பார்க்க நாங்கள் பாறைமேல் ஏறி நிற்போம். 2020-இல் அவர் காலமாகும்வரை அந்தக் காட்சி இருந்தது. எனக்கு இதையெல்லாம்விட ராத்திரிதான் பெரிது. எங்கோ ஒரு மேட்டில் வில்லடிச் சத்தம் கேட்கும். முத்துப்பட்டன் கதை. அந்தணக் குலத்தில் பிறந்தவன். செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்துகொள்ள, தன் பழைய வாழ்வை அப்படியே உதறிவிட்டு இந்தக் காட்டில் மாட்டுக் கிடைக்குக் காவல் இருந்தவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பட்டவராயன் என்று அங்கே அவனுக்குக் கோயில். தோலில் தைத்த செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு மறுவருடம் தேய்ந்து கிடக்கும், ராத்திரியில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. யானை இறங்கும் காட்டில், நாலு கம்பும் ஒரு கீற்றும் மட்டுமே மறைப்பாக இருக்கும் குடிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டால், காவலுக்கு ஒருவன் நடக்கிறான் என்பதே தூக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஊருக்குள் எட்டி நிறுத்திய சாதியின் பெண்கள் அங்கே சாமியாக நின்றதை ஆச்சி விழுந்து கும்பிட்டாள். அதை ஊருக்குள் கொண்டுவர அவளால் முடியவில்லை. எங்கள் தலைமுறைக்கும் அது முழுதாக முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காடு 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். விழாவுக்கு வரும் கூட்டம் அதற்குள்ளும் பெருகிக்கொண்டே போயிற்று. குடிலுக்கு மரம் வெட்டினார்கள். ஆற்றிலேயே சோப்பு, ஆற்றிலேயே கழிவு, ஆற்றிலேயே பழந்துணி. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கும் தண்ணீர் அது. வனத்துறை தங்கும் நாட்களைச் சுருக்கியது, பிளாஸ்டிக்கைத் தடுத்தது, தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறச் சொன்னது. மணிமுத்தாறில் மையம் வைத்திருக்கும் ஏட்ரீ என்ற சூழலியல் அமைப்பின் தொண்டர்கள் குடில் குடிலாக வந்து எடுத்துச் சொன்னார்கள். எங்கள் பெரியவர்களுக்கு இதில் கோபம் இருந்தது. "தாத்தன் காலத்துல இருந்து தங்குதோம், இப்ப வந்து நாள் சொல்லுதான்" என்று மாமா பொருமினார். நான் வனத்துறைப் பக்கம்தான் நின்றேன். பத்து நாள் அத்தனை அடுப்பு எரிந்தால் அந்தக் கரையில் அடுத்த தலைமுறைக்கு நிழல் இருக்காது. நாட்களைக் குறைத்தது சரி. தங்கும் உரிமையைக் குறைக்காமல் இருந்தார்கள் என்பதையும் நன்றியோடு சொல்கிறேன்.

குற்றாலத்தில் அது அப்படி நடக்கவில்லை. எங்கள் ஓடைக்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது. புறம்போக்கில் கடை வந்தது, கடைக்குப் பின்னால் சுவர் வந்தது. மலைமேல் செண்பகாதேவி அருவிக்கு நினைத்தபோது ஏறிப்போன காலம் போய், சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயில் திறக்கும் நாளில் மட்டும் விடுகிறார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அது நல்ல தடை. மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்தவள் நான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை அடித்துக்கொண்டு போனது. செய்தியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு, தண்ணீர் நிறம் மாறினால் ஓடவேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? கரையிலேயே கிடந்து பழகியவர்களிடமிருந்து வந்த அறிவு அது. கரையில் கிடப்பவர்கள் இல்லாமல் போனதும் அதுவும் கைமாறாமல் நின்றுவிட்டது. அதன்பிறகு பழைய குற்றாலத்தில் இரவுக் குளியலுக்குக் கட்டுப்பாடு வந்தது.

இப்போதும் கூடாரம் இருக்கிறது. மேக்கரைப் பக்கமும் குண்டாறுப் பக்கமும் தோட்டங்களுக்குள் வரிசையாக அடித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி நெருப்பு மூட்டித் தருகிறார்கள், பாட்டு உண்டு. ஓர் இரவுக்கு அவர்கள் கேட்கும் காசு சித்திக்குப் பல நாள் கூலி. ஓடையையே திருப்பிவிட்டுத் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்தது வழக்காகி, 2022-இல் மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. மலையில் பெய்த மழை எல்லாருக்கும் பொது என்பதை நீதிமன்றம் சொல்லித் தெரியவேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். எனக்கு இதில் கோபம்தான்.

தம்பி மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். போயிருந்தபோது யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய், மெர்செட் ஆற்றின் கரையில் அரசாங்கம் நடத்தும் முகாம் திடலில் தங்கவைத்தான். ஒவ்வொரு இடத்துக்கும் கம்பத்தில் ஓர் எண். ஒரு மர மேசை, அடுப்பு மூட்ட இரும்பு வளையம், கரடி திறக்கமுடியாதபடி சாப்பாட்டுச் சாமான் வைக்க ஓர் இரும்புப் பெட்டி. பக்கத்து இடத்தில் மெக்சிகோக்காரக் குடும்பம் ஒன்று. பாட்டி, பேரன், பேத்தி என்று பெரிய கூட்டம். அந்தப் பாட்டி எனக்கு ஒரு தட்டில் சுட்ட சோளம் அனுப்பினாள். 1997 சனவரியில் வந்த வெள்ளம் அங்கே ஆற்றை ஒட்டியிருந்த இரண்டு முகாம் திடல்களை அழித்துவிட்டது என்றும், அவற்றைத் திரும்பக் கட்டாமல் நெடுங்காலம் ஆற்றுக்கே விட்டுவிட்டார்கள் என்றும் தம்பி மகன் சொன்னான். பெரிய மாமா மரத்தண்டைத் தடவிப் பார்த்துச் செய்த அதே வேலை. அன்று ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து, விளக்கு எரியும் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். யாரையும் எழுப்பவில்லை. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். ஆச்சி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வெள்ளக்கோட்டுக்கு மேலே ஒரு மேட்டு நிலம், விளக்கோடு கழிவறை, வரிசையாகக் கல் அடுப்பு, விலைக்கு விறகு, குப்பைக்கு இடம், தண்ணீர் ஏறினால் அடிக்க ஒரு மணி, அதை அடிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர். ஒரு குடும்பம் தாங்கக்கூடிய கட்டணம். சிற்றாற்றின் கரையில் தென்காசி யானைப்பாலம் வரைக்கும் நான் நடந்து பார்த்திருக்கிறேன், இடம் இருக்கிறது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது, இனிமேல் நம் மலையையும் ஆற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்கள் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. சாரல் விழாவுக்குப் போடும் பந்தலோடு இதையும் யோசிக்கலாம். மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

இப்போதும் ஆடிக்குக் காரையாறு போகிறோம். போன தடவை மதினியின் பேத்திகள் வந்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள். முதல் நாள் செல்போன் எடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்திருந்தவர்கள், மறுநாள் காலை ஆற்றிலிருந்து வரவே மாட்டேன் என்றார்கள். பாய் போடும்போது சின்னவள் கேட்டாள், "பெரியாச்சி, நான் வெளிய படுக்கட்டுமா?" தண்ணீர்க் கறை மரத்தில் எதுவரைக்கும் இருக்கிறதென்று காட்டி, அதற்கு மேலே எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள் என்றேன். அன்று விடியும்வரை அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாள் முடிந்ததும் வனக்காவலர் ஒருவர் வந்து, "கிளம்புங்கம்மா, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று தன்மையாகச் சொன்னார். அடுப்புக் குழியில் தண்ணீர் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினோம். குப்பையைச் சாக்கில் கட்டிப் பேத்திகள் தூக்கிக்கொண்டார்கள். அகஸ்தியர்பட்டிக்கு இறங்கும் பேருந்தில் நிற்கவே இடமில்லை. பக்கத்துக் குடிலில் இருந்த பாவூர்ச்சத்திரத்து அக்கா, படிக்கட்டில் தொங்கிய தன் பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அடுத்த வருசமும் அந்த மருத மரத்தடிதான். நாங்க முந்தி வந்து உங்களுக்கும் சேத்துப் பிடிச்சு வைக்கோம். நீங்க அம்மிக்குழவி மட்டும் கொண்டாந்திருங்க."